லண்டன் பிரைவேட் ஸ்கூல் அட்மிஷன்: 4+, 7+, 11+, 13+... எந்த வயதில் முயல்வது?

மயிலாப்பூர்வாசி
2026 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஹாரோ பக்கம் குடிவருகிறோம். பையன் பிறந்த தேதி 12-09-2016. பெண் 24-08-2022. போட்டி அதிகமுள்ள தனியார் பள்ளிகளில் எந்த வயதில் சேர்த்தால் இடம் கிடைப்பது சுலபம்? சிலர் "சின்னதிலேயே உள்ளே போட்டுவிடு" என்கிறார்கள், சிலர் "11 வரை அரசுப் பள்ளி, அப்புறம் பார்த்துக்கொள்" என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பதில்தானா?

அட்மிஷன்_மேசை
ஒரே பதில் கிடையாது. முதலில் இயர் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கோடு செப்டம்பர் 1. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே இயர். 4 வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் ரிசெப்ஷன் (இயர் 1க்கு முந்தைய வகுப்பு), 7 முடிந்தபின் இயர் 3, 11 முடிந்தபின் இயர் 7, 13 முடிந்தபின் இயர் 9, 16 முடிந்தபின் இயர் 12. 4+, 7+ என்று சொல்வது இந்தச் சேரும் வயதைத்தான். தேர்வு எழுதும் வயது அதைவிடக் குறைவு. 7+ எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு 6 வயதுதான் ஆகியிருக்கும். 13+ தேர்வின் பெரும்பகுதி 10, 11 வயதில் முடிந்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் இடத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

உங்கள் பையன் 12 நாள் முன்னால், ஆகஸ்ட் 31 அன்று பிறந்திருந்தால் 2026 செப்டம்பரில் இயர் 6. செப்டம்பர் 12 என்பதால் இயர் 5தான். அதாவது வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருவன். பெண் நேர் எதிர். 2026 செப்டம்பரில் ரிசெப்ஷன், வகுப்பில் கடைக்குட்டி. சென்னையில் எல்கேஜி போகிற அதே ஆண்டில் இங்கே முறையான பள்ளி ஆரம்பம்.

4+ மதிப்பீடுகள் பொதுவாகச் சேர்வதற்கு முந்தைய நவம்பர் முதல் ஜனவரிக்குள் நடக்கும். பிள்ளை நேரில் வரவேண்டும். நீங்கள் 2026 ஆகஸ்டில் வருகிறீர்கள் என்றால் அந்தச் சுற்று முடிந்திருக்கும். காலி இடம் விழுந்தால் அழைக்கச் சொல்லிப் பெயர் பதிவு செய்யலாம். இல்லையென்றால் அடுத்த பெரிய வாய்ப்பு 7+.

வெம்பிளி_வாசி
அட்மிஷன் அண்ணா சொன்னது சரி. 4+ பற்றி நானும் கொஞ்சம் சொல்லுறன், ஏனெண்டால் எங்கட சனம் கூடப் பிழை விடுறது இதிலதான்.

அது சோதினை இல்லை. ஆறு, எட்டுப் பிள்ளையளை ஒரு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் அரை மணி, முக்கால் மணி விளையாட விட்டுப் பாப்பினம். அம்மா அப்பா வெளியில. பாக்கிற விசயங்கள்: அழாமல் பிரிஞ்சு போகுதோ, கதை சொன்னால் இருந்து கேக்குதோ, ரெண்டு மூண்டு படியா ஒரு வேலை சொன்னால் ஒழுங்கைப் பிடிச்சுச் செய்யுதோ ("முதல்ல சிவப்புக் கட்டையை எடு, பிறகு பெட்டிக்குப் பின்னால வை"), பென்சில் பிடி, கத்தரிக்கோல், நிறம், பத்து வரை எண்ணி அத்தனை பொருளைத் தொட்டுக் காட்டுறது, சின்ன பஸில், மற்றப் பிள்ளைக்கு விட்டுக் குடுக்கிறது.

வீட்டில தமிழ் கதைக்கிற பிள்ளைக்கு இடறுறது எண்ணிக்கையோ நிறமோ இல்லை. அண்டர், பிஹைண்ட், நெக்ஸ்ட் டு, பிஃபோர், ஆஃப்டர், இந்தச் சின்னச் சொல்லுகள்தான். கட்டளை விளங்காமல் நிண்டால் சொன்னதைச் செய்யத் தெரியாத பிள்ளை எண்டு எழுதிப்போடுவினம். அதுக்காக வீட்டில தமிழை நிப்பாட்டத் தேவையில்லை. விளையாட்டில இந்தச் சொல்லுகளை ஆங்கிலத்தில புழக்கத்துக்குக் கொண்டு வாங்கோ, விண்ணப்பத்தில "வீட்டு மொழி தமிழ்" எண்டு மறக்காமல் எழுதுங்கோ.

மற்றது, பாடமாக்கிக் குடுக்காதேங்கோ. "உனக்கு என்ன பிடிக்கும்" எண்டு கேட்டவுடன ஒப்புவிக்கிற பிள்ளையை ஆசிரியைமார் ஒரு நிமிசத்தில கண்டுபிடிச்சிடுவினம்.

தூட்டிங்_தமிழன்
ஒன்று மட்டும். 4+க்குப் பதிவு செய்த எல்லாரையும் கூப்பிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பம் அளவுக்கு மீறிக் குவியும் சில பள்ளிகள் முதலில் குலுக்கல் போட்டு, வந்த பெயர்களை மட்டும் மதிப்பீட்டுக்கு அழைக்கின்றன. வேறு சில பள்ளிகளில் பதிவு செய்த வரிசைதான் கணக்கு, பிள்ளை பிறந்த வாரத்திலேயே பதிவு செய்கிறவர்கள் உண்டு. அண்ணன் அக்கா படித்தால் முன்னுரிமை தரும் பள்ளிகளும் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எந்த வழியிலும் திரும்ப வராது.

கணக்கு_டீச்சர்
7+ என் பகுதி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இயர் 2 படிக்கும்போது, நவம்பர் முதல் ஜனவரிக்குள் தேர்வு. ஆங்கிலத்தில் ஒரு காம்ப்ரிஹென்ஷன், ஒரு கதை எழுதுதல், கணிதம், சில பள்ளிகளில் ரீசனிங்கும் உண்டு. தேறினால் இரண்டாம் சுற்றில் குழுச் செயல்பாடு, சிறு நேர்காணல். செயின்ட் பால்ஸ் ஜூனியர், விம்பிள்டன் கிங்ஸ் காலேஜ் ஸ்கூல் (கேசிஎஸ்), எல்ஸ்ட்ரீயில் உள்ள ஹேபர்டாஷர்ஸ் பாய்ஸ் போன்ற இடங்களில் இது வழக்கமான நுழைவு. வரலாற்றுக் காரணத்தால் 7, 13 இரண்டும் ஆண்கள் பள்ளிகளின் வயதுகள், 4, 11 இரண்டும் பெண்கள் பள்ளிகளின் வயதுகள் என்ற சாயல் இன்னும் முழுதாகப் போகவில்லை. மயிலாப்பூர்வாசி, உங்கள் பெண்ணுக்கு 7+ பார்க்கும்போது பட்டியல் சிறியதாக இருந்தால் காரணம் அதுதான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதில் சறுக்குவது அறிவுக் குறையால் அல்ல, பாடத்திட்டம் அங்கே போய்ச் சேர்வதில்லை. தேசியப் பாடத்திட்டத்தில் இயர் 2க்கு உள்ளவை 2, 5, 10 வாய்ப்பாடுகள் மட்டுமே. 3, 4, 8 இயர் 3இல் வருகின்றன. 7+ கணிதத் தாளில் 3, 4 வாய்ப்பாடுகளும் இரண்டு படிகளில் விடை காணும் சொற்கணக்குகளும் சாதாரணம். "மூன்று பெட்டி, பெட்டிக்கு 8 பென்சில், 5 உடைந்துவிட்டது, மீதி எத்தனை?" என்பது மாதிரி. 3 × 8 = 24, 24 − 5 = 19. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைகூட 24 எழுதிவிட்டு நிறுத்திவிடும். கடைசி வரியை மறுபடி படிக்கும் பழக்கம்தான் மருந்து.

கதை எழுதுவதில் கை ஓடாதது பெரிய தடை. 20, 25 நிமிடத்தில் ஒரு பக்கம் எழுத விரல் பழகவேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். தினமும் ஐந்தாறு வரி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது வீண்.

மயிலாப்பூர்வாசி
நன்றி டீச்சர். பெண் ஆகஸ்ட் பிறப்பு என்பதால் 7+ எழுதும்போது 6 வயது 3 மாதம்தான் ஆகியிருக்கும். வயதுக்கேற்ப மார்க் கூட்டிப் போடுவார்களாமே?

ஈலிங்_வாசகர்
கூட்டித் தருவார்கள், கவலை வேண்டாம். எல்லாத் தேர்வும் ஏஜ் ஸ்டாண்டர்டைஸ்டு.

அட்மிஷன்_மேசை
இல்லை, ஈலிங். எல்லாத் தேர்வும் அப்படியில்லை.

வயதுச் சமன் செய்வது எப்படி என்றால், ஒரே மாதத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறார்கள். சராசரி 100. செப்டம்பர் பிள்ளையும் ஆகஸ்ட் பிள்ளையும் 50 கேள்வியில் 35 சரியாகப் போட்டால், ஆகஸ்ட் பிள்ளையின் சமன் செய்த எண் கூடுதலாக வரும். 115க்கு மேல் எடுப்பவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர், 130க்கு மேல் நூற்றில் இரண்டு பேர். ஆனால் போட்டிப் பள்ளியின் வாசலில் நிற்கிறவர்கள் நாட்டின் சராசரிப் பிள்ளைகள் அல்ல. 115 வாங்கியும் இடம் கிடைக்காமல் போவது அதனால்தான்.

பல தனியார் பள்ளிகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஐஎஸ்இபி ப்ரீ-டெஸ்ட் போன்ற கணினித் தேர்வுகளில் இந்தச் சமன் உண்டு. பள்ளியே தயாரிக்கும் 7+ தாளில் சில பள்ளிகள் செய்கின்றன, சில செய்வதில்லை. கதை எழுதும் தாளில் எண் போட்டுச் சமன் செய்வது கடினம், "வயதைக் கருத்தில் கொள்கிறோம்" என்று மட்டும் சொல்வார்கள். 4+இல் பல பள்ளிகள் பிறந்த பருவம் பார்த்துத் தனித்தனிக் குழுவாக அழைக்கின்றன. ஜனவரியில் 4 வயது 4 மாதப் பிள்ளையையும் 3 வயது 5 மாதப் பிள்ளையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒப்பிட்டால் என்ன தெரியும்?

வயது கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும். 7+இல் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் என்பது அந்தப் பிள்ளையின் வாழ்நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 11+இல் பத்தில் ஒரு பங்கு. 16இல் பொருட்படுத்தவே மாட்டார்கள். கோடையில் பிறந்த பிள்ளைக்கு 7+ஐ விட 11+ நியாயமான களம் என்பது என் கருத்து.

வெம்பிளி_வாசி
ஓம், அதோட 7+ கிடைக்காட்டில் கதை முடிஞ்சுபோச்சு எண்டும் இல்லை. அதே பள்ளிக்கூடத்துக்குப் பிறகு 11+ எழுதலாம். சில இடங்களில 8+ உம் இருக்கு, இடம்தான் குறைவு.

தூட்டிங்_தமிழன்
11+ பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. பெரும்பாலான நம்மவர்களுக்கு இதுதான் முக்கியம், மயிலாப்பூர்வாசியின் பையனுக்கும் இதுதான் முதல் வாய்ப்பு.

பையனின் காலக்கணக்கு: 2027 வசந்தத்திலேயே ஓப்பன் டே பார்க்கத் தொடங்கலாம். 2027 செப்டம்பர், அக்டோபரில் பதிவு முடியும், சில பள்ளிகளில் நவம்பர். தேர்வு 2027 நவம்பர் முதல் 2028 ஜனவரிக்குள். முன்பெல்லாம் ஜனவரிதான். இப்போது பல பள்ளிகள் நவம்பர், டிசம்பருக்கு நகர்த்திவிட்டன, பழைய பதிவுகளைப் பார்த்து ஏமாறவேண்டாம். முடிவு பிப்ரவரியில். இடத்தை ஏற்கும் கடைசி நாள் பல லண்டன் பள்ளிகளில் மார்ச் முதல் வாரம். அரசு கிராமர் (தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) முடிவு வருவது மார்ச் 1. இரண்டையும் எழுதுபவர்களுக்கு யோசிக்க ஓரிரு நாள்தான் கிடைக்கும், டெபாசிட் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஏற்றுக் கையெழுத்துப் போட்டபின் பின்வாங்கினால் டெபாசிட் போகும், சில ஒப்பந்தங்களில் ஒரு டெர்ம் கட்டணமும் கேட்பார்கள்.

கிராமர் தேர்வுகள், அதாவது சட்டன் பகுதிப் பள்ளிகளின் பொதுத் தேர்வான செட், பார்னெட் க்யூஇ பாய்ஸ் பள்ளியின் தேர்வு எல்லாம் இயர் 6 செப்டம்பரிலேயே வந்துவிடும், பதிவு கோடையிலேயே முடியும். அரசுப் பள்ளிக்கான பொது விண்ணப்பம் அக்டோபர் 31க்குள்.

கணக்கு_டீச்சர்
தேர்வின் வடிவமும் ஒரே மாதிரி இல்லை. லண்டன் 11+ கன்சார்ஷியம் பெண்கள் பள்ளிகளின் கூட்டு. அங்கே கணினியில் 100 நிமிடத் தேர்வு, ஒரு முறை எழுதினால் அந்தப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் செல்லும். வேறு பள்ளிகள் ஐஎஸ்இபியைப் பயன்படுத்துகின்றன. அதில் ஆங்கிலம், கணிதம், வெர்பல் (சொற்களை வைத்து), நான்-வெர்பல் (வடிவங்களை வைத்து) ரீசனிங் என நாலு பகுதி. சரியாகப் போடப்போடக் கேள்வி கடினமாகும். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போகமுடியாது. "தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் பார்" என்று சென்னையில் பழக்கிய உத்தி இங்கே உதவாது. ஒரு கல்வியாண்டில் ஒரு முறைதான் எழுதலாம், அதே மதிப்பெண் விண்ணப்பித்த எல்லாப் பள்ளிக்கும் போகும். ஒரு பள்ளிக்கு மோசமாக எழுதி அடுத்ததில் சரிசெய்யும் வாய்ப்பு கிடையாது. மூன்றாவது வகை, பள்ளியே தயாரிக்கும் காகிதத் தேர்வு. நீண்ட காம்ப்ரிஹென்ஷன், கட்டுரை, கால்குலேட்டர் இல்லாத கணிதம்.

கவனிக்கவேண்டியது: தேர்வு இயர் 6 முதல் டெர்மில். விகிதம், எளிய அல்ஜீப்ரா எல்லாம் தேசியப் பாடத்திட்டத்தில் இயர் 6 பாடம். ஆசிரியர் வகுப்பில் அதைத் தொடுவதற்கு முன்பே தாளில் வந்துவிடலாம். இயர் 5 கோடை டெர்முக்குள் அவற்றை முடித்துவிடுங்கள். இந்தியப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்குக் கணிதம் பெரும்பாலும் சுமை ஆகாது. ஆங்கிலத்தில்தான் வேலை இருக்கிறது. "அவன் ஏன் அப்படிச் சொன்னான், எந்தச் சொல் அதைக் காட்டுகிறது?" என்ற வகைக் கேள்விக்கு, கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு வருவார்கள். சொல்லைச் சுட்டி விளக்காவிட்டால் மார்க் இல்லை. நான்-வெர்பல் சென்னைப் பள்ளியில் பாடமாகவே இருக்காது, ஆனால் அது பழகினால் சீக்கிரம் வரும்.

ஈலிங்_வாசகர்
11இல் இடம் கூட என்று சொல்கிறார்களே, அப்படியானால் சுலபம்தானே?

அட்மிஷன்_மேசை
வெளிப்பார்வைக்கு. ஜூனியர் பிரிவு உள்ள பள்ளியில் இயர் 7 இடங்களின் ஒரு பகுதி உள்ளேயிருந்து மேலே வருபவர்களுக்கே போகும். ஆகவே மொத்த இடம் எத்தனை, அதில் சொந்த ஜூனியரிலிருந்து வருபவர்கள் எத்தனை, வெளியார் எத்தனை பேர் எழுதினார்கள் என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பயனில்லை. இன்னொன்று, பள்ளிகள் இடத்தைவிடக் கூடுதலாக ஆஃபர் கொடுக்கின்றன, பலர் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தெரிந்தே. காத்திருப்புப் பட்டியல் நகர்வது, மார்ச் முதல் வாரத்தில் இடத்தை ஏற்கும் கடைசி நாளுக்குப் பிறகுதான்.

13+: ஈட்டன் மாதிரிப் பள்ளிகளில் சேர்வது இயர் 9. பதிவு இயர் 5 முடியும் ஜூனோடு முடிகிறது. இயர் 6இல் ப்ரீ-டெஸ்ட், பிறகு பள்ளியின் நேர்காணல். அதில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இடம். இயர் 8இல் காமன் என்ட்ரன்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வு அதை உறுதி செய்யும். பையனுக்கு இது வேண்டுமென்றால் 2027 ஜூன். "13 வயசுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று உட்கார்ந்தால் முடிந்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். ப்ரெப் பள்ளிகள் (13+க்குத் தயார்செய்யும் தனியார் ஆரம்பப் பள்ளிகள்) இயர் 8 வரை, அரசு ஆரம்பப் பள்ளி இயர் 6 வரை. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு பள்ளி வேண்டும். லத்தீன், பிரெஞ்சு எல்லாம் ப்ரெப்பில் சொல்லித்தருவது, அதனால் அரசுப் பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சில பள்ளிகள் வேறு தேர்வு வைக்கின்றன. எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூட்டிங்_தமிழன்
16+க்கு நான் இரண்டு வரி. இயர் 11 இலையுதிர்காலத்தில், ஏ லெவலுக்கு (இயர் 12, 13 படிப்பு) எடுக்கப்போகும் பாடங்களில் மட்டும் தேர்வு, நேர்காணல். இடம் ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத் தேர்வு) கிரேடுகளைப் பொறுத்தது, கேட்பது பெரும்பாலும் 7, 8, 9 (9தான் உச்சம்). கணிதத்தில் அபாரம், ஆங்கிலக் கட்டுரையில் சுமார் என்ற பிள்ளைக்கு மிகச் சாதகமான வயது இது. இயர் 10, 11 நடுவில் பள்ளி மாற்றுவது அபூர்வம், ஜிசிஎஸ்இ பாடத்திட்டம் பாதியில் அறுந்துவிடும்.

வெம்பிளி_வாசி
காசைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. 2025 ஜனவரி 1இல இருந்து கட்டணத்தில 20 வீதம் வாட் வரி. லண்டன் டே ஸ்கூலில வருசத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல எண்டது இப்ப புதினமில்லை. 4இல சேர்த்தால் 14 வருசம் கட்டவேணும், 7இல 11 வருசம், 11இல 7 வருசம், 16இல ரெண்டு. ரெண்டு பிள்ளையெண்டால் கணக்கை நீங்களே போடுங்கோ.

பர்சரி எண்ட உதவி கிடைக்கிறது பெரும்பாலும் 11, 13, 16 வயதில. 4, 7இல அருமை. வருமானம், சேமிப்பு, வீட்டின்ர பெறுமதி எல்லாம் கேப்பினம், சில இடம் வீட்டுக்கும் வந்து பாக்கும். அதுக்குத் தனி விண்ணப்பம், சோதினைக்குப் பதியிற அதே காலத்திலயே குடுக்கவேணும். இடம் கிடைச்ச பிறகு கேட்டால் அந்த வருசக் காசு பங்கிட்டு முடிஞ்சிருக்கும். ஸ்காலர்ஷிப் வேற, அது கெட்டித்தனத்துக்குக் குடுக்கிறது, கன இடங்களில கட்டணத்தில சின்னத் துண்டுதான் குறையும்.

மயிலாப்பூர்வாசி
பெண்ணை ஒரு வருடம் தள்ளிச் சேர்த்தால்? 2027இல் ரிசெப்ஷன் என்றால் வகுப்பிலேயே மூத்தவள் ஆகிவிடுவாளே.

அட்மிஷன்_மேசை
ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்களுக்கு அரசுப் பள்ளியில் அப்படிக் கேட்க வழி இருக்கிறது. கட்டாயப் பள்ளி வயது அவளுக்கு 2027 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. ஆனால் ரிசெப்ஷனிலா இயர் 1இலா என்பதை பள்ளியில் சேர்ப்பதற்குப் பொறுப்பான அமைப்பு முடிவு செய்யும். தனியார் பள்ளிக்கு இந்த விதி பொருந்தாது, அவர்கள் இஷ்டம்.

பின்விளைவையும் யோசியுங்கள். 11+ வரும்போது சில பள்ளிகள் "பிறந்த தேதிப்படி எந்த இயரோ அந்த இயரோடு எழுது" என்பார்கள். அப்படியானால் அவள் இயர் 5 படிக்கும்போதே எழுதவேண்டிவரும். வயதுச் சமன் செய்யும் தேர்வில் மூத்த பிள்ளைக்குக் கூடுதல் மார்க் தேவைப்படும், தள்ளிச் சேர்த்த லாபத்தின் ஒரு பகுதி அங்கே கரையும். 13 வயது ஸ்காலர்ஷிப்களில் வயது வரம்பும் உண்டு. அவள் பேச்சிலும் சொன்னதைச் செய்வதிலும் மிகவும் பின்தங்கியிருந்தால் மட்டும் தள்ளுங்கள். வகுப்பில் மூத்தவளாக இருக்கட்டும் என்பதற்காக வேண்டாம்.

மயிலாப்பூர்வாசி
புரிகிறது. அப்படியானால் பெண்ணுக்கு இப்போதைக்கு அரசுப் பள்ளி, 11+. பையனுக்கு 2027க்கான வேலையைத் தொடங்குகிறோம். சென்னையிலிருந்தபடியே இப்போது செய்துவைக்க வேண்டியது ஏதாவது?

கணக்கு_டீச்சர்
பையனைக் கீபோர்டில் தட்டிப் பழக்குங்கள், மௌஸ் பிடித்து வடிவங்களைத் திரையில் பார்க்கவும் பழகட்டும். ஆங்கிலத்தில் தினமும் அரை மணி கதைப் புத்தகம், பாடப் புத்தகம் அல்ல. மற்றதை இங்கே வந்து பார்க்கலாம்.

அட்மிஷன்_மேசை
சென்னைப் பள்ளியிலிருந்து கடைசி இரண்டு ஆண்டு ரிப்போர்ட், தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி மின்னஞ்சல் முகவரி மூன்றையும் வாங்கி வையுங்கள். ரெஃபரன்ஸ் கடிதத்தைப் பள்ளிக்குப் பள்ளி நேரடியாகக் கேட்பார்கள், பெற்றோர் வழியாக வந்ததை ஏற்கமாட்டார்கள். ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகப்படும் பள்ளிகளும் உண்டு.

வெம்பிளி_வாசி
பிறப்புச் சான்றிதழிலயும் பாஸ்போர்ட்டிலயும் ஒரே திகதி இருக்குதோ எண்டு இண்டைக்கே பாருங்கோ. பழைய பள்ளிக்கூடப் பதிவில வேற திகதி இருந்தால் அங்க இருக்கும்போதே திருத்துங்கோ. மகள் ஆகஸ்ட் 24. ஒரு எட்டு நாள் பிசகினால் செப்டம்பர் 1, இயரே மாறிப்போடும்.